கழகம் விட்டுக் கழகம்: றக்பி லீக் ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கை

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் றக்பி லீக் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், ஓர் ஆட்டக்காரர் எத்தனை கழகங்களுக்கு ஆடினார் என்ற கேள்வி விரைவிலேயே வந்துவிடும். ஒரே கழகத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றவரை விசுவாசி என்று புகழ்வார்கள். ஆறேழு கழகங்கள் மாறியவரை எங்கும் நிலைக்காதவர் என்று ஒதுக்கிவிடுவார்கள். பரமட்டாப் பகுதியின் இளையோர் அணிகளில் வளர்ந்து, சிட்னியில் இரண்டாம் நிலை அணியொன்றிலும், பின்னர் தென் பிரான்சிலும் வட இங்கிலாந்திலும் சம்பளத்துக்கு ஆடியவன் என்ற வகையில், அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடிவதில்லை. இடம் மாறி ஆடுவது இந்த விளையாட்டுக்குள் இருக்கும் ஒரு தனித் தொழில். அதற்கென்று கற்க வேண்டிய திறமைகளும், பார்த்துக் கையெழுத்திட வேண்டிய காகிதங்களும், காத்துக்கொள்ள வேண்டிய உடம்பும் இருக்கின்றன. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பந்தைக் கடத்தவும் எதிராளியை மடக்கவும் சொல்லிக் கொடுக்கிறோம். இவற்றைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

அவுஸ்திரேலியாவின் முதல்நிலைப் போட்டியான என்.ஆர்.எல்.லில், 2023இல் டொல்ஃபின்ஸ் சேர்ந்த பிறகு 17 கழகங்கள் ஆடுகின்றன. ஒவ்வொன்றின் முதன்மைப் பட்டியலிலும் 30 பேருக்குத்தான் இடம். நாடு முழுவதிலும் நியூசிலாந்திலும் பசிபிக் தீவுகளிலும் வளரும் பிள்ளைகள் அனைவரும் இந்த ஐந்நூற்றுச் சொச்ச இடங்களுக்காகவே போட்டியிடுகிறார்கள். இடம் கிடைக்காத ஒருவர் திறமையற்றவர் அல்லர். அந்த ஆண்டில் அந்தக் கழகத்துக்கு அவருடைய இடத்தில் ஆள் தேவைப்படவில்லை, அவ்வளவே.

பிளேக் கிரீன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1986இல் பிறந்தவர், 2007இல் பரமட்டா அணிக்காக முதல்தர ஆட்டத்தில் இறங்கினார். அதன்பின் குரொனல்லாவுக்கும், அங்கிருந்து கன்டர்பரிக்கும் போனார். மூன்று சிட்னிக் கழகங்களிலும் நிலையான இடம் கிடைக்காத நிலையில், 2011இல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல் கிங்ஸ்டன் றோவர்ஸில் சேர்ந்தார். இரண்டு பருவங்கள் கழித்து அதே நாட்டின் விகன் கழகம் அவரை எடுத்தது. 2013இல் வெம்ப்ளியில் சலஞ்ச் கிண்ணத்தையும், ஓல்ட் ட்றஃபர்டில் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கின் இறுதியாட்டத்தையும் விகன் வென்றது. அந்த இறுதியாட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே முகத்தில் விழுந்த அடியால் கிரீனின் கண் வீங்கிவிட்டது. எதிரணியான வாரிங்டன் 16–2 என்று முன்னால் நின்றது. முடிவில் 30–16 என்று விகன் வென்றபோது, சிறந்த ஆட்டக்காரருக்கான ஹரி சண்டர்லண்ட் விருது அந்த வீங்கிய முகத்துடன் நின்ற கிரீனுக்கே போனது.

சிட்னி மூன்று முறை கைவிட்ட அதே ஆட்டக்காரரை 2015இல் மெல்பேர்ன் ஸ்டோர்ம் திருப்பி அழைத்தது. 2016 இறுதியாட்டத்தில் அவர் பழைய கழகமான குரொனல்லாவிடமே 14–12 என்று மெல்பேர்ன் தோற்றது. 2017இல் மான்லி, 2018இல் நியூசிலாந்து வொறியர்ஸ். அந்த ஆண்டு வொறியர்ஸ் 2011க்குப் பிறகு முதல் தடவையாக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. 2020 பருவத்தின் நடுவில் நியூகாசிலுக்கு மாறி, முழங்கால் தசைநார் அறுந்து, 2021இல் ஓய்வு பெற்று, அதே நியூகாசிலின் பயிற்றுநர் குழுவில் சேர்ந்தார்.

இந்தப் பயணத்தை ஒன்பது கழகங்கள் என்று எண்ணி முடிப்பவர்கள் முக்கியமான ஒன்றைப் பார்க்கத் தவறுகிறார்கள். மெல்பேர்னில் அவர் பக்கத்தில் நின்றவர் கூப்பர் குரொங்க். மான்லியில் டேலி செரி-எவன்ஸ். வொறியர்ஸில் ஷோன் ஜோன்சன். ஆட்டத்தை வழிநடத்தும் ஹாஃப்பேக் இடத்தில் நின்ற அந்தப் பெயர்பெற்றவரின் தோளிலிருந்து பாதிச் சுமையை இறக்கி வைப்பதும், நேரத்துக்குப் பந்தை உதைப்பதும், முன்வரிசை ஆட்களை இடத்தில் நிறுத்துவதுமே கிரீனிடம் எதிர்பார்க்கப்பட்டன. ஒவ்வொரு கழகமும் அந்த ஒரு வேலைக்காகவே அவரைத் தேடிப் போனது என்பது என் கணிப்பு. இடம் மாறி வாழப் போகும் ஆட்டக்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான்: நான் எந்த வேலைக்கு எடுக்கப்படுகிறேன்? ஒப்பந்தத்துக்கு முன் பயிற்றுநரிடம் இதை நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் வராத கழகத்தில் நீங்கள் பெரும்பாலும் மாற்று ஆளாகவே உட்கார்ந்திருப்பீர்கள்.

நான் ஆடியது ஹூக்கர் இடத்தில், 9ஆம் இலக்கச் சட்டையில். றக்பி லீக்கில் எதிரணி ஆறு தடவை மடக்கும் வரை, அதாவது ஆறு டக்கிள்கள் வரை, ஓர் அணிக்குப் பந்து கிடைக்கும். மடக்கப்பட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னே உருட்டுவார். பின்னால் குனிந்து நிற்கும் ஹூக்கர் அதை எடுத்துக் கடத்துவார். அணியின் ஏறத்தாழ எல்லா நகர்வுகளும் அவர் கை வழியாகவே தொடங்குவதால், புதிதாக வந்த ஹூக்கர் ஒருவருக்குப் பழகிக்கொள்ள ஒரு மாதம் அவகாசம் கொடுக்க எவராலும் முடியாது. முதல் வாரத்தில் பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போன பிறகு, இரண்டு ஹாஃப்களையும் அரை மணி நேரம் நிறுத்திவைத்துக்கொள்வது என் வழக்கம். நிலத்திலிருந்து இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாறி மாறிக் கடத்துவேன். எங்கே வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். ஓடிக்கொண்டே வாங்குபவருக்கு மார்புக்கு ஒரு முழம் முன்னே வேண்டும். உதைக்கப் போகிறவருக்கு, உதைக்கும் காலின் பக்கத்து இடுப்பு உயரத்தில், சுழற்சி குறைவாக வேண்டும். பந்து ஒரு சாண் விலகினால் அவர் அதைச் சரிசெய்யும் அந்தக் கணத்துக்குள் எதிராளி மேலே விழுந்துவிடுவார். இது எந்தக் காணொளியிலும் தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது அழைப்புகள். நகர்வுகளுக்கு ஒவ்வொரு கழகமும் தன் விருப்பப்படி பெயர் வைக்கும்: நிறங்கள், நகரங்கள், பழைய ஆட்டக்காரர்களின் பட்டப்பெயர்கள். ஒரு கழகத்தில் இடப்பக்கம் திறக்கும் அழைப்பு, அடுத்த கழகத்தில் வலப்பக்கம் திறக்கும். ஓய்வாக இருக்கும்போது புதியது நினைவில் நிற்கும். எழுபதாவது நிமிடத்தில் மூச்சிரைக்கும்போது பழையதுதான் வாயில் வரும். ஆகவே அவற்றை உட்கார்ந்து மனப்பாடம் செய்வதில் பயனில்லை. நான் ஒவ்வொன்றையும் கொப்பியில் மைதானமாக வரைந்து, பிறகு அந்தக் கொப்பியைக் கோட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக ஓடி, களைத்து நிற்கும்போது ஒவ்வோர் அழைப்பையும் உரக்கச் சொல்லி, அதற்குரிய திசையில் கையை நீட்டிப் பழகினேன். பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருந்திருக்கும். ஆனால் மறக்காமல் தங்கியது அப்படிப் படித்தவைதான். பிரான்சில் இதற்கு முன்னால் இன்னொரு படி இருந்தது. ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள், இடது, வலது, முன்னே, பின்னே, பொறு, என்னுடையது: இவ்வளவும் பிரெஞ்சில் நாக்கில் வராமல் களத்தில் இறங்கக் கூடாது. கடையில் பாண் வாங்கும் பிரெஞ்சைப் பிறகு கற்கலாம்.

இந்த விளையாட்டு உலகம் முழுவதும் பரவிக் கிடக்கவில்லை. சில குறிப்பிட்ட ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1895 ஓகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜோர்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்துக் கழகங்கள் கூடிப் பழைய றக்பி அமைப்பிலிருந்து பிரிந்தன. சனிக்கிழமைகளிலும் வேலை செய்த சுரங்க, ஆலைத் தொழிலாளர்கள் ஆட வரும்போது இழக்கும் கூலிக்கு ஈடு கொடுக்கலாமா என்பதுதான் பிணக்கு. சிட்னியில் 1907இல், அலெக் பர்டன் என்ற ஆட்டக்காரர் காயம்பட்டு உழைக்க முடியாமல் போனபோது அவருக்கு இழப்பீடு கிடைக்காதது, பிரிவுக்கான காரணங்களில் ஒன்றாயிற்று. அடுத்த ஆண்டே அங்கே புதிய போட்டி தொடங்கியது. ஆகவே, சம்பளத்தையும் காயத்துக்கான ஈட்டையும் பற்றிக் கேட்கும் ஆட்டக்காரரைப் பேராசைக்காரர் என்று எவராவது சொன்னால், இந்த விளையாட்டே அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது என்று அவருக்குச் சொல்லலாம். தென் பிரான்சிலோ, விஷி அரசு 1941இல் இதைத் தடைசெய்து, கழகங்களின் சொத்துகளையும் பறித்தது. ஓட் மாவட்டத்தின் திராட்சைத் தோட்ட ஊர்களில் முதியவர்கள் இன்றும் அதை நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். அந்த ஊர்களில் ஆடப் போகிறவர் இதை அறிந்து செல்வது நல்லது. அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பிறகு எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட உட்காரும்போது, களைப்பென்று சொல்லி அறைக்குத் திரும்புகிறவரை அந்த ஊர் நெருங்க விடாது.

பருவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவுஸ்திரேலியப் போட்டி மார்ச்சில் தொடங்கி ஒக்டோபர் ஆரம்பத்தில் முடிகிறது; இரண்டாம் நிலை அணிகளுக்கு அதற்கும் முன்பே முடிந்துவிடும். பிரெஞ்சு உள்ளூர்ப் போட்டி இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிகிறது. இங்கிலாந்தின் சூப்பர் லீக் 1996இல் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறியது. இந்த நாட்காட்டிகளை அடுக்கிப் பார்த்தால், ஓர் இளைஞர் ஓய்வே இல்லாமல் ஆண்டு முழுவதும் ஆடிச் சம்பாதிக்கலாம் என்று தோன்றும். முகவர்களும் அப்படியே சொல்வார்கள். தோள்மூட்டும் கழுத்தும் அதற்கு ஒத்துழைக்காது. இரண்டு பருவங்களுக்கு நடுவில் குறைந்தது ஆறு வாரம் மோதலில்லாத காலம் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் தொடக்கத் திகதியிலேயே எழுதி வாங்குங்கள். வந்து சேர்ந்த பிறகு கேட்டால், முதல் ஆட்டத்துக்கு ஆள் குறைவு என்று சொல்லி இறக்கிவிடுவார்கள்.

இனி விசா. பிரித்தானியாவில் விளையாட்டு வீரருக்கான அனுமதி கிடைக்க விளையாட்டின் நிர்வாக அமைப்பு உங்களை ஆமோதிக்க வேண்டும். ஒரு கழகம் எடுக்கக்கூடிய வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய கொல்பாக் தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்துடன் உடன்படிக்கை கொண்டிருந்த ஃபிஜி, சமோவா, தொங்கா, பப்புவா நியூகினி போன்ற நாட்டவர்கள் அந்த வரம்புக்குள் அடங்காமல் ஆட முடிந்தது. எத்தனையோ பசிபிக் குடும்பங்கள் வட இங்கிலாந்தில் வாழ அது வழி திறந்தது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகி, 2020 முடிவில் இடைக்காலமும் தீர்ந்தபோது, அந்த வழி அடைபட்டது. தாத்தா பாட்டி பிறந்த இடத்துச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று இளையோரிடம் நான் கேட்பது இதனால்தான். சில வேளைகளில் ஒரு பழைய காகிதம் ஆட்டத் திறமையைவிடப் பெறுமதியாகிவிடுகிறது.

விசாவில் எழுதப்பட்ட தொழில்தருநர் யார், நிபந்தனைகள் எவை என்பதைக் கழகத்திடம் விட்டுவிடாமல் நீங்களே படிக்க வேண்டும். 2009இல் வேல்ஸைச் சேர்ந்த கெல்டிக் குரூசேடர்ஸ் கழகத்தின் ஆறு அவுஸ்திரேலியர்கள், விசா விதிமீறல் காரணமாக நாட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. ஏற்பாடுகளைச் செய்தவர் எவராக இருந்தாலும், முத்திரை விழுவது ஆட்டக்காரரின் கடவுச்சீட்டில்தான்.

கழகங்கள் நிலையானவை என்று நம்பிவிடவும் கூடாது. மூன்று தடவை உலகக் கழகக் கிண்ணம் வென்ற பிரட்ஃபோர்ட் புல்ஸ், 2017 ஜனவரியில் கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் தொடங்கிய புதிய கழகம் இரண்டாம் பிரிவில் 12 புள்ளிகள் கழிக்கப்பட்ட நிலையில் பருவத்தை ஆரம்பித்தது. கனடாவின் டொரொன்டோ வுல்ஃப்பாக், நியூசிலாந்தின் நட்சத்திர ஆட்டக்காரர் சொனி பில் வில்லியம்ஸை எடுத்து 2020இல் சூப்பர் லீக்குக்குள் பெருமையோடு நுழைந்தது. கொரோனா வந்தது, அந்த ஜூலையிலேயே போட்டியை விட்டு விலகியது, ஆட்டக்காரர்களின் சம்பளம் நின்றது.

சரிவு அறிவிப்பாக வருவதற்கு முன் சிறிய விடயங்களில் தெரியத் தொடங்கும். நான் ஆடிய கழகமொன்றில், வெளியூர் ஆட்டங்களுக்குப் பேருந்து நின்று, அவரவர் காரில் வரச் சொன்னார்கள். பிறகு கணுக்காலில் சுற்றும் ஒட்டுப்பட்டியை நாங்களே வாங்கி வரும்படி ஆயிற்று. முன்பு ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு முழுச் சுருள் செலவழித்த இயன்மருத்துவர், ஒரு நாள் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டி, காயம்பட்ட காலுக்கு மட்டும் சுற்றினார். அடுத்த மாதச் சம்பளம் பிந்தியது. மூத்த ஆட்டக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "வீட்டு வாடகைப் பத்திரம் யார் பேரில் இருக்கு என்று இன்றைக்கே பார்" என்றார். கழகத்தின் பேரில் இருந்தது. கழகம் வாடகை கட்டாவிட்டால் வெளியே போக வேண்டியவன் நான். அன்றிலிருந்து எந்த ஊரிலும் வாடகைப் பத்திரத்தை என் பேரில் எழுதி, அதற்கான பணத்தைச் சம்பளத்தோடு சேர்த்துத் தரும்படியே கேட்டு வந்தேன். மூன்று மாதச் செலவுக்கும் ஊர் திரும்பும் விமானச்சீட்டுக்கும் போதிய பணம், எவருடைய அனுமதியும் தேவையில்லாத கணக்கொன்றில் எப்போதும் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் சம்பளத் தொகையைவிட நான் அதிக நேரம் படிப்பது காயம் பற்றிய பகுதியைத்தான். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தசைநார் அறுந்தால், சத்திரசிகிச்சையும் மறுவாழ்வுப் பயிற்சியும் ஒப்பந்தம் முடிந்த பிறகே நடக்கும். அந்தச் செலவு யாருடையது? எத்தனை வாரம் ஆடாவிட்டால் கழகம் உங்களை விடுவிக்கலாம்? இரண்டாவது வைத்தியரின் கருத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டா? சிகிச்சைக்காகச் சொந்த நாடு திரும்பினால் காப்புறுதி தொடருமா? பகுதிநேரக் கழகங்களில் வெற்றிக்கு ஒரு தொகையும் தோல்விக்கு அதைவிடக் குறைந்த தொகையும் தருவார்கள். காயம்பட்டு உட்கார்ந்திருப்பவருக்கு எது என்று பத்திரத்தில் இல்லாவிட்டால், ஒன்றுமில்லை என்றே பொருள். முகவர் உங்களுக்காக வேலை செய்பவர்தான். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் அவருக்குப் பணம். ஆட்டக்காரர் சங்கத்தின் வழக்கறிஞருக்கோ உங்கள் கையெழுத்தால் வருமானம் இல்லை. அவரிடமும் காட்டுங்கள்.

தலையில் படும் அடி தனியாகச் சொல்லப்பட வேண்டியது. மூளை அதிர்ச்சி உறுதிசெய்யப்பட்டால் குறைந்தது 11 நாள் விலகியிருக்க வேண்டும் என்ற விதியை என்.ஆர்.எல். 2023இல் கொண்டுவந்தது. பெரிய கழகத்தில் ஆட்டக்காரரைக் கவனிக்கச் சுயாதீன வைத்தியரும் பல கோணக் கமராக்களும் உண்டு. சிறிய ஊர் மைதானத்தில் ஒரு வைத்தியரும் ஒரு வாளித் தண்ணீரும் மட்டுமே இருக்கலாம். அதிலும் புதிதாக வந்தவருக்கு இடத்தை இழக்கும் பயம் இருக்கும். அதனால் தலை சுற்றுவதை வெளியே சொல்லமாட்டார். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை: சொல்லுங்கள், வெளியே வாருங்கள். ஒவ்வொரு கழகத்திலும் வைத்தியர் மாறுவதால், முந்தைய அடிகளின் கணக்கு உங்களிடம் மட்டுமே இருக்கும். முந்தைய கழகத்தில் இரண்டு தடவை நினைவு தப்பியவரை, புதிய வைத்தியர் முதல் தடவையாகப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்.

குடும்பம் பற்றி எழுதாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. 2020இல் எல்லைகள் மூடப்பட்டபோது, வொறியர்ஸ் அணி நியூசிலாந்தை விட்டு அவுஸ்திரேலியா வந்து, முதலில் டாம்வேர்த்திலும் பிறகு சென்ட்ரல் கோஸ்டிலும் தங்கி ஆடியது. பலர் குடும்பங்களைப் பிரிந்திருந்தார்கள். அந்தப் பிரிவைத் தாங்க முடியாமல் சிலர் பருவத்தின் நடுவிலேயே வீடு திரும்பினார்கள். அவர்களை எவரும் குறை சொல்லவில்லை என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. துணைவருக்கு அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா, பிள்ளையின் பள்ளித் தவணை எப்போது தொடங்குகிறது என்ற இரண்டையும் பயிற்சி நாட்களைக் கேட்பதற்கு முன் கேளுங்கள். என் மனைவி வட இங்கிலாந்தில் முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் அந்த ஊர் எங்களுக்கு ஊராயிற்று. அதுவரை நான் பயிற்சிக்குப் போகும் மாலைகளில் அவளுக்குப் பேச அங்கே ஒருவரும் இருக்கவில்லை. என் அப்பா ஆட்டத்தைப் பற்றிக் கேட்டதேயில்லை, "தம்பி, கையில தொழில் ஒன்று இருக்கா?" என்றுதான் தொலைபேசியில் கேட்பார். யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டு வந்து, சிட்னியின் மேற்கிலுள்ள துங்காபியில் மறுபடி தொடங்கியவர் அவர். அவர் பேச்சைக் கேட்டு, சிட்னியில் இரண்டாம் நிலை அணியில் ஆடிய காலத்திலேயே மின்னியலாளர் பயிற்சியை முடித்திருந்தேன். பகுதிநேரக் கழகங்களில் வாழ முடிந்தது அதனால்தான்.

இப்போது வேலை முடிந்த மாலைகளில் உள்ளூர்க் கழகமொன்றில் இளம் ஹூக்கர்களுக்குப் பந்து கடத்தப் பழக்குகிறேன். வெளிநாட்டு வாய்ப்பு வந்திருக்கிறது என்று எவராவது ஒப்பந்தத்தோடு வந்தால், அதைப் பிரிப்பதற்கு முன் அவருடைய மருத்துவக் கோப்பைக் கேட்கிறேன்: எம்.ஆர்.ஐ. படங்களின் பிரதிகள், சத்திரசிகிச்சைக் குறிப்புகள், தலையில் அடிபட்ட ஒவ்வொரு திகதி, பருவத் தொடக்கத்து உடற்பரிசோதனை முடிவுகள். பெரும்பாலும் அவை பழைய கழகத்தின் அலுமாரியில்தான் கிடக்கும். கழகத்தை விட்டுப் போகும் நாளில் கேட்டால் சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து தென் பிரான்சின் பெர்பின்யோனிலிருந்து மின்னஞ்சலில் கேட்டால், அந்த வைத்தியரும் அங்கே இருக்கமாட்டார், பதிலும் வராது. முதலில் அதை வாங்கி வாருங்கள், பிறகு சம்பளத்தைப் பற்றிப் பேசலாம் என்று அனுப்பிவைக்கிறேன்.